பாரிஸ் நாடாளுமன்றத்தில் புதுச்சேரி: நம் ஊர் உறுப்பினர்கள் யாருக்காகப் பேசினார்கள்?

ஏட்டுப்பூச்சி:

புதுச்சேரி வரலாறு என்று ஆரம்பித்தால் நம் ஆட்கள் நேரே ஆனந்தரங்கப் பிள்ளையிடம் போவார்கள். அங்கிருந்து ஒரே தாவலில், இந்தியாவோடு இணைய 1954-ல் நடந்த கீழூர் வாக்கெடுப்புக்கு வந்துவிடுவார்கள். நடுவில் இந்த ஊர் பாரிஸுக்கு உறுப்பினர் அனுப்பிக்கொண்டிருந்த கதையை யாரும் தொடுவதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1848 புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியேற்றங்களின் ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது. நமக்கும் ஓர் இடம் கிடைத்தது. லூயி நெப்போலியன் வந்ததும் அது பறிபோனது. 1871-ல் மூன்றாம் குடியரசு அதைத் திருப்பிக் கொடுத்தது. 1875 அரசியல் சட்டத்தில் மேலவையான செனாத்திலும் ஓர் இடம். மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், அப்புறம் பிரெஞ்சிந்தியா, இந்த நான்குக்கும் ஆளுக்கு ஒரு செனாத்தர் என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் சேர்ந்து ஒரே தொகுதி. ஆனால் வாக்கு பெரும்பாலும் புதுச்சேரியில், அதைத் திரட்டுகிறவர்களும் புதுச்சேரியில்.

1871-ல் போனவர் தெபசான் தெ ரிஷ்மோன். ஊரில் தெருவும் பொது நூலகமும் எந்த ஆளுநரை நினைவுபடுத்துகின்றனவோ அதே குடும்பம். பிறகு ழுயில் கொதேன், பியேர்-அலிப், ஆன்ரீக்-துய்லுக், லெமேர், போல் புளுய்சேன் என்று பட்டியல் நீள்கிறது. 1945 வரை ஒரு தமிழர்கூட இல்லை.

என் கேள்வி இரண்டு. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் நம் ஆட்களாக இருந்தும் ஏன் நம்மில் ஒருவர் போகவில்லை? இந்த உறுப்பினர்களால் ஊருக்கு என்ன கிடைத்தது?

முத்தியால்பேட்டை:

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். ஒன்றும் கிடைக்கவில்லை. பாதிப் பேர் இந்த ஊர் மண்ணை மிதித்தார்களா என்பதே சந்தேகம். பாரிஸில் ஒரு பத்திரிகைக்காரனுக்கோ வக்கீலுக்கோ நாடாளுமன்றத்தில் நாற்காலி வேண்டும். அங்கே எந்தத் தொகுதியிலும் ஜெயிக்க முடியாது. சரி, இந்தியாவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே ஒரு முதலியாருக்குத் தந்தி அடித்தால் வாக்கு வந்துவிடும். இதற்குப் பெயர் பிரதிநிதித்துவமா?

வில்லியனூர்க்காரி:

அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் அண்ணே. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1892 வரை தேர்தல் என்ற பேச்சே சட்டமன்றத்துக்குக் கிடையாது. 1892-லும் மறைமுகம்தான். நேரடியாக வாக்குப் போட 1920 வரை காத்திருந்தார்கள், அதுவும் சொத்தும் வரியும் இருந்தவர்கள் மட்டும். இங்கே பாகூர் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் 1870-களிலேயே வாக்காளர். காகிதத்தில் என்றாலும் வாக்காளர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அல்ஜீரியாவில் முஸ்லிம்கள் தங்கள் சமயச் சட்டத்தை விட்டால்தான் முழுக் குடிமகன். இங்கே இந்துவும் முஸ்லிமும் தங்கள் திருமண, வாரிசு வழக்கத்தை வைத்துக்கொண்டே வாக்குப் போட்டார்கள். பிரெஞ்சுச் சாம்ராஜ்யத்திலேயே இது அரிது. செனகலின் நான்கு ஊர்களை விட்டால் வேறெங்கும் கிடையாது என்றே நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை:

காகிதத்தில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே தங்கச்சி! செனகலை இழுத்தீர்கள், நானும் இழுக்கிறேன். 1914-ல் செனகலிலிருந்து பிளேஸ் தியாஞ் பாரிஸுக்குப் போனார், கறுப்பின ஆப்பிரிக்கர். அதற்கு முன்பே 1898-ல் குவாதலூப்பிலிருந்து லெழித்திமுஸ். அவ்வளவு ஏன், தாதாபாய் நௌரோஜி 1892-ல் லண்டன் பின்ஸ்பரி தொகுதியில் ஆங்கிலேயர் வாக்கில் ஜெயித்தார். தமிழர் வாக்கில் ஒரு தமிழர் ஜெயிக்க மட்டும் 1945 ஆக வேண்டியிருந்தது. இந்த வெட்கத்தை எங்கே வைப்பது?

கோர்ட்டுக்குப்_போனவன்:

அந்த வெட்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் செருப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியப் பாதணி போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். நம்மவர் அப்படி வரக்கூடாது என்று தண்டித்தார்கள். அவர் பாரிஸில் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போய் ஜெயித்தார். அந்த மனிதர்தான் பின்னால் லப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டு, சாதி வழக்கத்தையும் சமயச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வருகிற இயக்கத்துக்குத் தலைவரானார். 1881 செப்டம்பர் 21 ஆணை அதற்கு வழி திறந்தது. துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள். எதற்காகத் துறந்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரே வாக்காளர் பட்டியல். ஆனால் உள்ளூர் சபைகளுக்கு, அதாவது பொதுச் சபைக்கும் நகரசபைக்கும், பட்டியல் தனித்தனி. ஐரோப்பியர் ஒரு பட்டியல், இந்தியர் ஒரு பட்டியல், இரண்டுக்கும் கிட்டத்தட்ட சமமான இடம். சில நூறு பேரும் பல்லாயிரம் பேரும் ஒரே எடை! துறந்தவர்கள் சட்டப்படி பிரெஞ்சுக்காரர்கள் ஆனதும் ஐரோப்பியப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஐரோப்பியர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சாதி இந்துத் தலைவர்களுக்கும் கலக்கியது. இரண்டு தரப்பும் கைகோத்தன. 1884-ல் துறந்தவர்களைத் தனியே ஒதுக்கி மூன்றாவது பட்டியல் உண்டாக்கினார்கள். 1899-ல் மறுபடி இரண்டாக்கியபோதும் துறந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐரோப்பியப் பட்டியலில் இடமில்லை.

ஆக, பாரிஸுக்குத் தமிழர் போக வேண்டும் என்றால் எந்தத் தமிழர் என்ற கேள்வி முதலில் வரும். துறந்தவர் ஒருவர் போவதைச் சாதித் தலைவர்கள் பொறுக்கமாட்டார்கள். சாதித் தலைவர் தானே போக நினைத்தால் ஊரை விட்டுக் கடல் கடக்க வேண்டும், கையிலிருக்கும் பிடி போய்விடும். அதைவிட ஒரு வெள்ளைக்காரரை அனுப்பி அவர் குடுமியைக் கையில் வைத்துக்கொள்வது லாபம்.

ஏட்டுப்பூச்சி:

கடைசி வரியைக் கொஞ்சம் விரியுங்களேன். நான் கேட்க நினைத்தது அதைத்தான்.

கோர்ட்டுக்குப்_போனவன்:

சண்முக வேலாயுத முதலியார் என்று ஒருவர். 1880-களிலிருந்து இருபது வருஷத்துக்கும் மேல் புதுச்சேரி அரசியல் அவர் திண்ணையில்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கறுப்புப் பதினோராம் லூயி'. தந்திரத்துக்குப் பெயர்போன அரசன் பதினோராம் லூயி என்பதால்.

அவர் பாரிஸுக்கு வாக்குத் திரட்டிக் கொடுப்பார். அதற்கு என்ன கிடைத்தது? பணம் என்பது சின்ன விஷயம். உண்மையான லாபம் ஆளுநர்தான். ஓர் ஆளுநர் முதலியாரின் கட்சிக்கு எதிராகக் கை வைத்தால், பாரிஸில் நம் உறுப்பினரும் செனாத்தரும் அமைச்சகத்துக்குப் போய் நிற்பார்கள். மூன்றாம் குடியரசில் மந்திரி சபை மாதத்துக்கு ஒன்று கவிழும் காலம் அது. ஓர் ஓட்டு குறைந்தால் பதவி போய்விடும் அமைச்சர், ஏழு கடல் தாண்டி இருக்கும் ஓர் ஆளுநருக்காகத் தன் பக்க உறுப்பினரைப் பகைத்துக்கொள்வாரா? ஆளுநருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். ஆளுநர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஒருவர் மூச்சு விடுவதற்குள் அடுத்தவர் கப்பலேறியிருப்பார்.

உறுப்பினருக்கு வாக்கு, தலைவருக்குப் பாதுகாப்பு. சாலை ஒப்பந்தம், கீழ்நிலை உத்தியோகம், நகரசபை, தர்ம காரியங்களின் நிர்வாகம், எல்லாம் அந்தப் பாதுகாப்பின் நிழலில். செனாத்தரைத் தேர்ந்தெடுப்பதும் உள்ளூர் சபைக்காரர்கள்தான், அது இன்னும் வசதி. கொதேன் முதலில் கீழவை உறுப்பினர், பிறகு 1891-லிருந்து 1909 வரை செனாத்தர். 1898-ல் கொஞ்ச காலம் பொதுப்பணி அமைச்சராகவும் இருந்தார். அப்படி ஓர் ஆள் பாரிஸில் இருந்தால் இங்கே யார் தொடுவார்கள்?

காரைமேட்டான்:

காரைக்கால் சார்பில் ஒரு வார்த்தை. எங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, உறுப்பினரும் இல்லை. வாக்குப் பெட்டி மட்டும் இருந்தது. அதிலும் நாங்கள் போட்டது வேறு, அவர்கள் எண்ணியது வேறு. 1914 கதை யாருக்காவது தெரியுமா?

வில்லியனூர்க்காரி:

போல் ரிஷார் கதையா? எழுதுங்கள், எழுதுங்கள்.

காரைமேட்டான்:

போல் ரிஷார் 1910-ல் தேர்தல் வேலையாகப் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்தவர். 1914 மார்ச் கடைசியில் மனைவி மிராவோடு மறுபடி வந்து தானே வேட்பாளராக நின்றார். மிராதான் பின்னாளில் ஸ்ரீ அன்னை. எதிரில் புளுய்சேன். அவர் 1910-லேயே ஜெயித்திருந்த பத்திரிகைக்காரர். உள்ளூரில் ஆலை முதலாளியும் மேயருமான ஆன்ரி கெப்ளேயின் கட்சி அவர் பக்கம். லெமேரும் களத்தில்.

முடிவு வந்ததும் அரவிந்தர் சந்திரநாகூரில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பேருக்கும் முதல் பெயர் 'போல்'. சீட்டில் போல் ரிஷார் என்று அச்சடித்திருந்த இடத்திலெல்லாம் போல் புளுய்சேன் என்று வாசித்துவிட்டார்களாம்! காரைக்காலில் ரிஷார் தன் வாக்காளர்களைத் தானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்திலும் அவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை என்று அறிவித்தார்களாம். அரவிந்தரின் அந்தக் கடிதத்தில் கோபத்தைவிடக் கிண்டல்தான் அதிகம்.

அந்த வாக்காளர்களில் என் முப்பாட்டனும் இருந்திருக்கலாம். அவர் வாக்கு எந்த போலுக்குப் போனதோ.

முத்தியால்பேட்டை:

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். இதற்குப் பெயர் வாக்குரிமை என்றால் எனக்கு வேண்டாம்.

கோர்ட்டுக்குப்_போனவன்:

எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும் அண்ணே. பிரெஞ்சுச் சட்டப்படி வாக்காளர் பட்டியல் தயாராவது மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில். வாக்குச்சாவடிக்குத் தலைமை தாங்குவது மேயர் அல்லது அவர் கீழுள்ள சபை உறுப்பினர். எண்ணுவதும் அங்கேயே. மேயர் நேர்மையானவராக இருந்தால் இது நல்ல ஏற்பாடு, தேர்தலை அரசாங்க அதிகாரி கையில் விடாத ஏற்பாடு. பிரான்சில் அப்படித்தான் நினைத்து வைத்தார்கள். இங்கே மேரி யார் கையிலோ பெட்டியும் அவர் கையில். அதனால்தான் நகரசபைத் தேர்தலுக்கு ஊரில் மண்டை உடைந்தது. நாடாளுமன்றத் தேர்தல் வரும்போது வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். கிராமம் கிராமமாக நூற்றுக்கு நூறு ஒரே பெயருக்கு விழும், செத்தவர்களும் தவறாமல் வந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

இன்று கடற்கரையில் புதிதாகக் கட்டி நிற்கும் மேரி கட்டடத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பழைய கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது.

உப்பளம்_ரவி:

நடுவில் குறுக்கிடுகிறேன். தொழிலாளர் பக்கம் ஒருவரும் பேசவில்லையே. 1936 ஜூலை 30-ல் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு, 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. அதை வாங்கித் தந்தவர் பாரிஸ் உறுப்பினரா? கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவும் தெருவில் நின்ற தொழிலாளர்களும். என் கணக்கில் ஊருக்கு உண்மையான பிரதிநிதி அவர்கள்தான்.

வில்லியனூர்க்காரி:

தோழர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் பாரிஸில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி அரசு இருந்ததும் ஒரு காரணம் இல்லையா? சென்னை மாகாணத்து ஆலைகளில் அப்போது எட்டு மணி நேரம் கிடையாது. பிரான்சின் சட்டத்தைக் காட்டி 'இங்கேயும் கொடு' என்று கேட்க நமக்கு ஒரு வாசல் இருந்தது. உறுப்பினர் திறக்காத வாசலைத் தொழிலாளர்கள் திறந்தார்கள், அவ்வளவுதான்.

உப்பளம்_ரவி:

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். மிச்சப் பாதி செத்த 12 பேர் கணக்கில்.

ஏட்டுப்பூச்சி:

போருக்குப் பிறகு வருவோம். 1945-ல் இரட்டைப் பட்டியல் ஒழிந்தது. அதே வருஷம் அரசியல் நிர்ணய சபைக்குத் தெய்வ சீவரத்தினம் போனார். பாரிஸில் உட்கார்ந்த முதல் புதுச்சேரித் தமிழர். 1946 கடைசியில் நான்காம் குடியரசின் முதல் தேசிய சபைக்கு லம்பேர் சரவணன், பிறகு மேலவைக்குப் பக்கிரிசாமிப் பிள்ளை. எழுபது வருஷம் மூடியிருந்த கதவு பட்டியல் மாறியதும் திறந்துவிட்டது. என் முதல் கேள்விக்கு இதுவே பாதிப் பதில். மக்கள் அதே மக்கள்தானே?

முத்தியால்பேட்டை:

திறந்த கதவு வழியாக 1951-ல் என்ன வந்தது என்பதையும் சொல்லுங்கள். தேசிய சபைத் தேர்தலில் எதுவார் குபேருக்கு 90,000 வாக்குக்கும் மேல். பதவியில் இருந்த சரவணனுக்கு 200-கூட எட்டவில்லை. ஐந்து வருஷம் உறுப்பினராக இருந்தவருக்கு அவர் சொந்தக்காரர்களே போடவில்லையா? முதலியார் காலத்துப் பெட்டி அப்படியேதான் இருந்தது. ஆள்தான் மாறினார்.

காரைமேட்டான்:

சரவணன் இந்தியாவோடு இணைப்பு என்ற பக்கம் நகர்ந்திருந்தார். குபேர் அப்போது பிரெஞ்சு அரசுக்கு வேண்டியவர். நிர்வாகம் யார் பக்கம் என்று நான் சொல்ல வேண்டுமா?

கோர்ட்டுக்குப்_போனவன்:

ஆனால் அந்தக் குபேரே மூன்று வருஷத்தில் கட்சி மாறினார் பாருங்கள், அதுதான் இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த இடம். 1954 மார்ச் 18-ல் அவரும் நகரசபைத் தலைவர்களும் வாக்கெடுப்பே இல்லாமல் இந்தியாவோடு சேரத் தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31-ல் நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தில் இந்தியக் கொடி ஏறியது, அங்கே தற்காலிக அரசு அமைத்தார். அன்றைக்கு அவர் பதவி என்ன? பிரெஞ்சு தேசிய சபையின் நடப்பு உறுப்பினர்! எந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தாரோ அந்த நாட்டின் கொடியைத் தன் தொகுதியிலேயே இறக்கினார்.

இதைக் கொள்கை என்று சொல்கிறவர்களும் உண்டு, தப்பித்த வித்தை என்கிறவர்களும் உண்டு. சுங்கத் தகராறும் கள்ளக்கடத்தல் விசாரணைகளும் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. நான் இரண்டாவது பக்கம். எண்பது வருஷமாகப் பாரிஸ் பிடி என்பது உள்ளூர்த் தலைவர்களுக்குக் குடை. அந்தக் குடை இனி மழையைத் தாங்காது என்று தெரிந்ததும் டெல்லிக் குடைக்கு நகர்ந்தார். 1963-ல் ஒன்றியப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரும் அவரே. கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்.

உப்பளம்_ரவி:

சுப்பையா வருஷக்கணக்கில் போராடியும், கடைசியில் பெயர் குபேருக்கு. வேறென்ன சொல்ல.

வில்லியனூர்க்காரி:

கீழூரையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 1954 அக்டோபர் 18-ல் வாக்களித்தவர்கள் 178 பேர், இணைப்புக்கு 170, எதிர்த்து 8. அந்த 178 பேரும் சபை உறுப்பினர்களும் நகரசபைக்காரர்களும்தான். பொதுமக்கள் வாக்கெடுப்பு இல்லை. சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்களே வாக்களித்தார்கள். நமக்கு மட்டும் தலைவர்கள் நமக்காகப் போட்டார்கள். ஊர் முழுக்க இணைப்பைத்தான் விரும்பியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுத்த விதம் பழைய விதமேதான்.

புதியவன்_லாஸ்பேட்டை:

இப்போதும் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தேர்தலுக்கு வாக்குப் பதிவு நடக்கிறதே, அது இதன் தொடர்ச்சியா? எங்கள் தெருவில் ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) தாத்தா வேட்டி மடித்துக்கட்டி வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோர்ட்டுக்குப்_போனவன்:

இல்லை தம்பி, அது வேறு கணக்கு. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பாரிஸில் நமக்கிருந்த இடம் 1951-ல் தேர்ந்தெடுத்த சபையோடு முடிந்தது, 1956 தேர்தலில் நம் தொகுதி இல்லை. அந்த நான்காம் குடியரசின் சபையே 1958-ல் போய்விட்டது. இணைப்பு ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அவர்களும் அவர்கள் வாரிசுகளும் இன்று வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்கள் என்ற முறையில் வாக்களிக்கிறார்கள். 2012-லிருந்து வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தனித் தொகுதிகள் உண்டு. இந்தியா பதினோராவது தொகுதியில், ஆசியா, ஓசியானியா, ரஷ்யா எல்லாம் அதற்குள் அடக்கம்.

புதியவன்_லாஸ்பேட்டை:

அப்படியானால் இங்கிருந்து ஒருவர் நின்று ஜெயிக்க வாய்ப்பு?

காரைமேட்டான்:

பெய்ஜிங்கிலும் சிட்னியிலும் இருக்கிறவர்கள் வாக்கு நமக்கு விழ வேண்டும். ஆனால் ஒன்று, இந்த முறை எண்ணுகிறவர் நம் மேயர் இல்லை.

ஏட்டுப்பூச்சி:

1849-ல் போன முதல் உறுப்பினர் பற்றியும், லெமேர் காலத்து உள்ளூர்ச் சண்டைகள் பற்றியும் பழைய பிரெஞ்சு அரசிதழ்கள் வைத்திருப்பவர்கள் படம் எடுத்து இங்கே போடுங்கள். குறிப்பாகக் கொம்யூன்வாரி, அதாவது நகரசபைப் பகுதிவாரி வாக்கு எண்ணிக்கை. பாகூர், வில்லியனூர், உழவர்கரை மூன்றையும் ஒரே அட்டவணையில் பார்க்க ஆசை.